தேயிலை ஃபேக்டரிக்கு நெறிமுறை வகுப்பு: எதை வாங்கலாம், எதை விடலாம்

கோவையிலிருந்து மலையேறி வந்து குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலை ஃபேக்டரிகளுக்கும் ஊட்டி காட்டேஜ்களுக்கும் 'பணியிட நெறிமுறை மற்றும் சட்ட இணக்கப் பயிற்சி' என்று ஒரு பேக்கேஜ் விற்கிறார்கள். அதில் ஐந்து உருப்படிகள். மூன்று மணி நேர வகுப்பு, செல்போன் செயலியில் வீடியோப் பாடம், சுவரொட்டிகள், ஒரு கொள்கைக் கையேடு, புகார்க் குழுவுக்கு ஒரு வெளி உறுப்பினர். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இதே மாதிரி பேக்கேஜை வேறு பலரும் விற்பதால் சொல்லப்போவது அவர்களுக்கும் பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வகுப்பை வாங்கலாம், ஆனால் சில மாற்றங்களைக் கேட்டு வாங்க வேண்டும். செயலிக்குக் காசு கொடுப்பது வீண். வெளி உறுப்பினரை இவர்களிடமிருந்து எடுக்கவே கூடாது.

வகுப்பில் ஏறக்குறைய பாதி நேரம், பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் போகிறது. ஆபீஸ்காரர்கள் இதை 'போஷ்' என்பார்கள். இந்தப் பகுதி நன்றாகவே இருக்கிறது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால், புகாரை விசாரிக்கும் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், அடுத்த 10 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை கைக்கு வந்த 60 நாளுக்குள் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். பயிற்சியாளர் இந்தக் கெடுக்களைப் பலகையில் ஒரே கோட்டில் வரைந்து காட்டுகிறார். படிக்காதவருக்கும் புரிகிறது.

அவர் அழுத்திச் சொல்லும் இரண்டு விஷயங்களுக்காக மட்டுமே கூட்டி வரலாம். புகார் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் எழுத முடியாத பெண்ணுக்கு எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை என்று அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு சொல்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் 'எழுதிக் கொண்டு வாம்மா' என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் கதவைச் சாத்தியதாகத்தான் அர்த்தம். இரண்டாவது, நிரூபிக்க முடியாமல் போன புகாரைப் பொய்ப் புகாராக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 14-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்வது. 'நிரூபிக்கலைன்னா என் வேலை போயிடுமா' என்பதுதான் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளில் முதலில் வரும் கேள்வி. அதற்கு நேரடியான பதில் இந்த வகுப்பில் கிடைக்கிறது.

தவறுகளும் உண்டு, அதில் சில ஆபத்தானவை. 'பத்துப் பெண்கள் இருந்தால் குழு அமைக்க வேண்டும்' என்று ஒரு ஸ்லைடு சொல்கிறது. சட்டம் எண்ணுவது ஆணும் பெண்ணுமாக மொத்தப் பணியாளர்களை. தினக்கூலி, ஒப்பந்த ஆள், பயிற்சிக்கு வந்த பையன் எல்லாரும் கணக்கில் சேர்வார்கள். பத்துப் பேர் இருந்தாலே குழு வேண்டும். ஒரே முதலாளிக்குக் குன்னூரில் ஃபேக்டரியும் கோத்தகிரியில் இன்னொன்றும் இருந்தால் இரண்டு இடத்திலும் தனித்தனிக் குழு வேண்டும். பத்துக்குக் குறைந்த இடத்திலும், புகார் முதலாளி மீதே இருக்கும்போதும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். இந்தக் கடைசிச் செய்தி வகுப்பில் வரவே இல்லை. முதலாளி காசு கொடுத்து நடத்தும் வகுப்பில் அது விட்டுப்போனதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்வது கொஞ்சம் கஷ்டம்.

சமரசம் பற்றிய ஸ்லைடு இன்னும் மோசம். 'முதலில் இரு தரப்பையும் அழைத்துப் பேசிப் பார்க்கவும்' என்று போட்டிருக்கிறார்கள். 10-ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்ட பெண் தானாகக் கேட்டால் மட்டுமே சமரசத்துக்கு இடம் உண்டு. பணம் கொடுத்து முடிப்பது அந்தச் சமரசத்தின் அடிப்படையாக இருக்கவே கூடாது. எதையும் தொழிலாளர்களை மேய்க்கும் மேஸ்திரி, சங்கத் தலைவர், ஊர்ப் பெரியவர் உட்கார்ந்து 'பேசி முடிச்சிடலாம்' என்று போகிற வழக்கம் இந்த மலையில் பலமாக இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் இந்த ஸ்லைடைக் காட்டுவது அந்த வழக்கத்துக்கு முத்திரை குத்திக் கொடுக்கும் வேலை. வகுப்புக்கு முன்னால் ஸ்லைடுகளை வாங்கிப் பார்த்து இதை நீக்கச் சொல்லுங்கள். கேட்டால் நீக்கித் தருகிறார்கள்.

சட்டப் பெயர்களும் பழையவை. இந்திய தண்டனைச் சட்டம் 354ஏ என்று ஒரு ஸ்லைடில் இன்னும் நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவுதான் அந்த இடத்தில் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் என்று ஒரு முழுப் பக்கம் ஓடுகிறது. 2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது, இந்த இரண்டும் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புக்குள் போய்விட்டன. போஷ் சட்டம் மட்டும் அந்தத் தொகுப்புகளில் சேராமல் தனியாகவே தொடர்கிறது. வகுப்பில் உட்காரும் தொழிலாளிக்குப் பிரிவு எண் முக்கியமில்லை. ஆனால் அதே பக்கத்தை அப்படியே எடுத்து நோட்டீஸ் எழுதும் ஃபேக்டரி கிளார்க்குக்கு முக்கியம்.

உதாரணங்களைப் பார்த்தால் பேக்கேஜ் யாருக்காகத் தயாரானது என்பது புரிந்துவிடும். லிஃப்ட், மீட்டிங் ரூம், ஆபீஸ் பார்ட்டி, கம்ப்யூட்டர் ஸ்க்ரீனில் தகாத படம் என்று வரிசையாக வருகின்றன. குன்னூர் ஃபேக்டரியில் லிஃப்டுக்கு எங்கே போவது? இங்கே பிரச்சினை நடக்கும் இடங்கள் வேறு. விடியற்காலைப் பனிமூட்டத்தில் ஆள் ஏற்றிப் போகும் பிக்கப் வண்டி, இரவு ஷிஃப்டில் மேல் மாடியில் இலை வாடப்போட்டிருக்கும் தொட்டி வரிசை, கொழுந்து நிறுக்கும் கொட்டகையின் பின்பக்கம், வேலை பிரித்துக் கொடுக்கும் மேஸ்திரியின் நோட்டு. முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும், வேலை நிமித்தம் போகும் இடமும் சட்டப்படி பணியிடம்தான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இந்த நான்கு இடங்களையும் பேசினால் வகுப்பு உயிர்பெறும். நல்ல வேலை யாருக்கு, மேடும் சரிவுமான கஷ்டமான தேயிலை வரிசை யாருக்கு என்று முடிவு செய்பவர் கையில்தான் அதிகாரம் இருக்கிறது. மேஸ்திரிகளுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் தனி வகுப்பு முதலில் நடந்த பிறகே தொழிலாளர் வகுப்பு நடக்க வேண்டும். பேக்கேஜில் எல்லாரையும் ஒரே கொட்டகையில் உட்கார வைக்கிறார்கள். மேஸ்திரி முன்வரிசையில் இருக்கும்போது பின்வரிசையில் எந்தப் பெண் வாய் திறப்பாள்?

அடுத்தது தராசு. நெறிமுறை என்ற தலைப்பில் வெளியிலிருந்து இலை வாங்கும் ஃபேக்டரிக்கு வகுப்பு எடுத்துவிட்டு, இலைத் தராசைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் போவது இந்தப் பேக்கேஜின் பெரிய ஓட்டை. நீலகிரியில் சிறு விவசாயிக்கும் ஃபேக்டரிக்கும் இருக்கிற நம்பிக்கை முழுக்க அந்தத் தராசில்தான் தொங்குகிறது.

இதைச் சொல்லிக்கொடுக்க இருபது நிமிடம் போதும். மழை நாளில் 40 கிலோ மூட்டை ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துக்கு 10 சதவீதம் கழிவு என்றால் 36 கிலோ. தராசில் நிற்பவர் 'ரவுண்டா' 35 என்று எழுதுகிறார். பத்து மூட்டைக்குப் பத்துக் கிலோ போயிற்று. அவர் மனதில் அது திருட்டு இல்லை, 'எப்பவும் இப்படித்தான்'. இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுவிட்டு நான்கு விதிகளைப் பழக்கப்படுத்த வேண்டும். காலையில் முதல் மூட்டைக்கு முன்னால் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்து, ஒரு முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்து, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சாக்கின் எடையை ஒரு தடவை உண்மையாக நிறுத்து அதையே கழிக்க வேண்டும், கண்மதிப்பில் கழிக்கக் கூடாது. ரசீதில் மொத்த எடை, ஈரக் கழிவு, முத்தல் இலைக் கழிவு, நிகர எடை நான்கும் தனித்தனிக் கட்டத்தில் வர வேண்டும். நிகர எடையை மட்டும் எழுதும் ரசீது பின்னால் எந்தத் தகராறையும் தீர்க்காது. கழிவு சதவீதத்தைத் தராசுக்காரர் தனியாக முடிவு செய்யக் கூடாது. அன்றைய சதவீதத்தைக் காலையில் ஃபீல்டு ஆபீசர் எழுதிக் கொட்டகைப் பலகையில் ஒட்ட வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை ஆய்வாளரின் முத்திரை வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் வருகிற விதி. அந்தச் சான்று விவசாயி கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும்.

பச்சை இலைக்கான மாவட்டச் சராசரி விலையைத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கிறது. 2003-ஆம் ஆண்டுத் தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் ஃபேக்டரியும் விவசாயியும் விலையைப் பகிர்ந்துகொள்ளும் முறை அது. எடையில் கை வைத்தால் அந்த விலைக்கு அர்த்தம் இல்லாமல் போகும் என்பதைத் தராசுக்காரருக்குப் புரியவைப்பதுதான் பயிற்சி. 'நேர்மையே சிறந்த கொள்கை' என்ற ஸ்லைடு அதைச் செய்யாது.

இதோடு சேர்ந்தது கலப்படம். கலர் ஏற்றிய டஸ்ட் என்கிற பொடித் தேயிலையும், கழிவுத் தேயிலையைத் திரும்பக் கலப்பதும் குன்னூர் பக்கம் எல்லாரும் அறிந்த தலைவலி. கழிவுத் தேயிலைக்கு 1959-ஆம் ஆண்டிலிருந்தே கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தேயிலையில் நிறம் சேர்ப்பது குற்றம். வகுப்பில் இதற்கு ஒரு செய்முறை வைக்கலாம். வடிகட்டித் தாளில் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளித்து, பிறகு தாளைக் குழாயடியில் அலசி வெளிச்சத்தில் பார்த்தால், கலர் போட்ட தூள் தாளில் கறை விடும். அத்தோடு இரவு ஷிஃப்ட் ஆட்கள் அறிய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. நூறு கிலோ பச்சை இலைக்குச் சுமார் 22 முதல் 25 கிலோ தூள். இலை வரவு நோட்டையும் தூள் உற்பத்தி நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இந்த விகிதத்தைத் தாண்டி வந்த தூள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தானாக எழும். அதைக் கேட்கும் ஆளுக்கு வேலை போகாது என்று நிர்வாகம் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

லஞ்சப் பகுதிக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, 'கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள்' என்று முடித்துவிடுகிறார்கள். ஆய்வுக்கு வந்தவர் கேட்டால் மேனேஜர் அந்த நிமிடம் என்ன செய்ய வேண்டும் என்பதற்குப் பதில் இல்லை. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் தனிக் குற்றம். கட்டாயத்துக்கு உள்ளாகிக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல் துறைக்கோ விசாரணை அமைப்புக்கோ தெரிவித்தால்தான் அவருக்குப் பாதுகாப்பு. கொடுப்பதற்கு முன்பே தகவல் சொல்லி, அவர்களுக்கு உதவும் விதமாகக் கொடுத்தால் அது குற்றமாகாது. நிறுவனத்துக்காக ஊழியர் கொடுத்தாலும் நிறுவனம் சிக்கும். தடுக்கப் போதுமான நடைமுறைகள் இருந்தன என்று காட்டினால் மட்டுமே நிறுவனம் தப்பலாம். ஆக, வகுப்பில் நடித்துப் பழக வேண்டியது ஒரு சின்ன வரிசை. தனியாகப் பேசாமல் கூட ஒருவரை வைத்துக்கொள்வது, கட்டணம் என்றால் அரசு ரசீது கேட்பது, அன்றைக்கே தேதி, நேரம், கேட்ட தொகையைக் குறித்து முதலாளிக்கு எழுத்தில் தெரிவிப்பது, லஞ்ச ஒழிப்புத் துறையின் ஊட்டி அலுவலகத்துக்குச் சொல்வது. 'சில்லறைச் செலவு' என்ற தலைப்பில் வவுச்சர் எழுதும் பழக்கத்தையும் அதே நாளில் நிறுத்த வேண்டும். தணிக்கையில் முதலில் மாட்டுவது அந்த வவுச்சர்தான்.

செயலிக்கு வருவோம். பள்ளத்தாக்கு எஸ்டேட்டில் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. ஆஃப்லைனில் ஓடாத செயலியை அங்கே விற்பதற்குத் தைரியம் வேண்டும். வீடியோ தமிழில் இருக்கிறது, ஆனால் அது மேடைத் தமிழ். ஜார்க்கண்ட், அசாம், ஒடிசாவிலிருந்து வந்து இங்கே வேலை செய்பவர்களுக்கு இந்தியும் வேண்டும், அது இல்லை. கூடலூர் பக்கம் என்றால் மலையாளமும் கேட்பார்கள். கடைசியில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு 'மேற்கண்ட அனைத்தும்' என்பதே சரியான விடை. வீடியோ ஓடி முடிந்தால் பார்த்தவர் யாராக இருந்தாலும் சான்றிதழ் வந்துவிடும். ஒரே போனில் மேஸ்திரி எல்லார் பெயருக்கும் அமுக்கி முடிக்க வழி இருக்கிறது, முடிக்கவும் செய்வார். அந்தக் காசுக்கு மேஸ்திரி வகுப்பை இரண்டாவது தடவை வைத்துக்கொள்வது மேல்.

வெளி உறுப்பினர் விஷயத்தில் கவனம் தேவை. குழுவில் தலைவராக ஒரு மூத்த பெண் ஊழியர், ஊழியர்களிலிருந்து குறைந்தது இரண்டு பேர், தொண்டு நிறுவனத்திலிருந்தோ இத்துறை அறிந்தவர்களிலிருந்தோ ஒருவர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதியாவது பெண்கள். பயிற்சி நிறுவனம் தன் ஆளையே அந்த நான்காவது இடத்துக்குத் தருகிறது, வருடக் கட்டணத்தோடு. ஒவ்வொரு வருடமும் முதலாளி கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தம் தொடரும் என்றால், முதலாளியின் தம்பி மீது புகார் வரும்போது அந்த ஆள் என்ன பேசுவார்? வெளியாள் வேண்டும் என்று சட்டம் சொன்னதே உள்ளிருக்கும் அழுத்தம் அவரைத் தொடக் கூடாது என்பதற்காக. விதிகளில் வெளி உறுப்பினருக்குச் சொல்லப்பட்டிருப்பது விசாரணை நாளுக்கு 200 ரூபாய் படியும் பயணச் செலவும்தான். தொகை இன்றைக்குச் சிரிப்பாகத் தெரியலாம், கூடுதலாகக் கொடுப்பதிலும் தப்பில்லை. ஆனால் பயிற்சி, கையேடு, குழு மூன்றையும் ஒரே பில்லில் கட்டக் கூடாது. மாவட்டத்திலேயே பெண்கள், பழங்குடியினர், தொழிலாளர் நலனில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வர வேண்டிய ஆளைவிட, கூப்பிட்ட அன்றைக்கே வரக்கூடியவர் நல்லது. விசாரணைக்குத் தலைவரையும் சேர்த்துக் குறைந்தது மூன்று பேர் உட்கார வேண்டும் என்பதால் வராத உறுப்பினரால் தேதிகள் தள்ளிப்போகும், 90 நாள் கரைந்துவிடும்.

சுவரொட்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்ப் பிரதி தெளிவாக இருக்கிறது. குழு உறுப்பினர் பெயரும் போன் நம்பரும் எழுத விட்ட கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை. நிரப்பாத சுவரொட்டியால் பயன் இல்லை, குழு அமைத்த உத்தரவையும் பார்வையில் படும்படி வைக்க வேண்டும். தாளில் அச்சடித்தது ஃபேக்டரி ஈரத்தில் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும், ஃப்ளெக்ஸில் கேளுங்கள். புகார்ப் பெட்டியை மேனேஜர் அறை வாசலில் கேமராவுக்குக் கீழே மாட்டுகிறார்கள். பெண்கள் ஓய்வறைப் பக்கம் மாட்டி, சாவியைக் குழுத் தலைவரிடம் கொடுக்க வேண்டும்.

கையேடு முழுக்கக் கார்ப்பரேட் அச்சு. பங்குச் சந்தை உள்தகவல் வியாபாரத்துக்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. இலை ஏஜென்டுக்குக் கொடுக்கும் அட்வான்ஸைப் பற்றி ஒரு வரி இல்லை. அட்வான்ஸ் வாங்கிய விவசாயி வேறு ஃபேக்டரிக்கு இலை கொடுக்க முடியாமல் மாட்டிக்கொள்வதும், கழிவு எவ்வளவு போட்டாலும் கேட்க முடியாமல் நிற்பதும் இங்கே முதல் நெறிமுறைக் கேள்வி. கையேட்டை வாங்கினால் பாதியை வெட்டிவிட்டு இதைச் சேர்த்து எழுதுங்கள்.

காட்டேஜ், ரிசார்ட்காரர்களுக்கு அதே வகுப்பைத்தான் எடுக்கிறார்கள், பெயரை மட்டும் மாற்றி. அவர்களுக்குத் தேவைப்படுவது வேறு. விருந்தினரின் ஆதார் நகலைப் பொது வாட்ஸ்அப் குழுவில் போடாமல் இருப்பது, டிரைவருக்குக் கடை கமிஷன் எவ்வளவு என்பதை மறைக்காமல் இருப்பது, இ-பாஸ் கேட்டு வரும் விருந்தினருக்குப் பொய்த் தகவல் போட்டுக் கொடுக்காமல் இருப்பது, 14 வயதுக்குக் கீழே யாரையும் அறை சுத்தம் செய்ய வைக்காமல் இருப்பது. விருந்தினர் ஊழியப் பெண்ணிடம் அத்துமீறினால் என்ன செய்வது என்பதையும் சேர்க்க வேண்டும். வெளியாள் மீதான புகாரிலும் முதலாளிக்குக் கடமை உண்டு.

தேதி குறிக்கும்போது இலை வரத்தைப் பாருங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரையும் வடகிழக்கு மழைக்கு முன்னும் ஃபேக்டரி இரவு பகலாக ஓடும், அப்போது வகுப்பு வைத்தால் தூங்கி வழிவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் உறைபனியால் இலை குறையும், அதுதான் நேரம். காட்டேஜ் என்றால் மே மாத சீசனைத் தொடவே வேண்டாம். காலை ஒன்பது மணி வகுப்புக்குப் பயிற்சியாளர் முதல் நாளே மேலே வந்து தங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மலைப்பாதை நெரிசலில் பதினொரு மணிக்கு வந்து இறங்கி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவசரமாக முடித்துவிட்டுப் போவது நடக்கிற காரியம். கொழுந்து பறிப்பவர்களுக்குக் கிலோக் கணக்கில் கூடுதல் காசு இருப்பதால் வகுப்பு நேரத்துக்கான அந்தக் காசையும் நிர்வாகம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நெறிமுறை வகுப்புக்கு வந்த பெண் அன்றைக்கு நஷ்டத்தோடு வீட்டுக்குப் போவாள்.

கடைசியாக விற்பனை ஆள் சொல்லும் ஒரு வாசகம். 'சான்றிதழ் ஒரு வருடம்தான் செல்லும், புதுப்பிக்காவிட்டால் 50,000 ரூபாய் அபராதம்' என்பார். ஐம்பதாயிரம் என்பது குழு அமைக்காதது போன்ற, சட்டக் கடமை தவறலுக்கான அபராதம். அவர்கள் அச்சடித்த சான்றிதழின் தேதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குறிப்பிட்ட இடைவெளிகளில் வகுப்புகள் நடத்த வேண்டும் என்று மட்டும்தான் சட்டம் சொல்கிறது, யாரிடம் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. குழுவின் ஆண்டறிக்கை முதலாளிக்கும் மாவட்ட அலுவலருக்கும் போக வேண்டும். வகுப்பு நடந்த தேதி, வந்தவர் கையெழுத்து, பேசிய பொருள் மூன்றையும் ஒரு பைலில் வைத்துக்கொண்டு, புதுப்பித்தல் கட்டணம் கேட்டு வரும் போனை வைத்துவிடலாம்.